பெயர் சொல்லாமல் கேட்ட கேள்விகள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு பெரிய விவாதம். "பொம்பளப் புள்ளைங்க போன்ல என்னென்னத்தையோ தேடுதுங்க, டீச்சர். நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். மாதவிலக்கு, கர்ப்பம், கருத்தடை, பால்வினை நோய் பற்றிய கேள்விகளைப் பெரியவர்களிடம் கேட்காமல் போனிடம் கேட்கிறார்களே என்பதுதான் ஆதங்கம்.

நம் காலத்திலும் உண்டு, தம்பி. நம் பாட்டி காலத்திலும் உண்டு. போன் மட்டும்தான் புதுசு. வெட்கமான ஒரு சந்தேகத்தை முகம் காட்டாமல் கேட்க ஒரு கருவியைத் தேடுவது குறைந்தது 150 வருஷப் பழக்கம். அந்தக் கருவிகளின் கதையை வரிசையாகச் சொல்கிறேன். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கருவி, மலிவு விலைப் புத்தகம்.

அமெரிக்காவில் சார்லஸ் நோல்டன் என்ற டாக்டர் 1832-ல் கருத்தடை பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதற்காகச் சிறைக்கும் போனார். அதே புத்தகத்தை 1877-ல் லண்டனில் சார்லஸ் பிராட்லாவும் ஒரு பெண்மணியும் சேர்ந்து மறுபதிப்பாக வெளியிட்டார்கள். விலை ஆறு பென்னி. தொழிலாளி வீட்டுப் பெண்ணும் வாங்கிவிடலாம். அதுதான் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பணக்காரர்கள் டாக்டரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளும் விஷயம் ஏழைகளின் கைக்கும் போகலாமா? ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்த பரபரப்பில் புத்தகம் ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் அந்தப் பெண்மணி தன் மகளை வளர்க்கும் உரிமையை இழந்தார். இப்படிப்பட்ட புத்தகம் போடுகிறவரிடம் ஒரு பெண் குழந்தை வளரக் கூடாது என்றது நீதிமன்றம்.

அந்தப் பெண்மணி யார் தெரியுமா? அன்னி பெசன்ட். பிற்காலத்தில் நம் அடையாறில் வந்து வாழ்ந்தாரே, பெசன்ட் நகருக்குப் பெயர் தந்தாரே, அவரேதான். தியோசஃபியில் சேர்ந்த பிறகு கருத்தடைக் கொள்கையை அவரே கைவிட்டார் என்பது வேறு கதை. ஆனாலும் இந்தத் தகவலை ஏழைப் பெண்ணின் கையில் கொடுத்ததற்காக ஒரு தாய் கொடுத்த விலை அது.

இரண்டாவது கருவி, பத்திரிகையின் கேள்வி-பதில்.

பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே என்று ஒரு கணிதப் பேராசிரியர். விதவைகளின் கல்விக்காகப் பாடுபட்டுப் பின்னாளில் பாரத ரத்னா பெற்ற தோண்டோ கேசவ் கார்வேயின் மகன். 1921-ல் கருத்தடை ஆலோசனை மையம் தொடங்கினார். இந்த வேலையால் கல்லூரி வேலை போனது. 1927-ல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மாத இதழைத் தொடங்கி, 1953-ல் சாகும் வரை நடத்தினார். வாசகர்கள் உடலைப் பற்றியும் தாம்பத்யத்தைப் பற்றியும் கடிதம் எழுதுவார்கள். அவர் ஒளிக்காமல் பதில் எழுதுவார்.

1934-ல் அவர் மேல் ஒரு வழக்கு. எதற்கு என்பதைக் கவனியுங்கள். வாசகர்களின் அந்தரங்கக் கேள்விகளுக்குப் பதில் சொன்னதற்காக! அவருக்காக வாதாட வந்தவர் டாக்டர் அம்பேத்கர். சந்தேகம் கேட்கிறவனுக்குப் பதில் சொல்வது எப்படிக் குற்றமாகும் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். வழக்கு தோற்றது. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். ஆனாலும் பத்திரிகை நிற்கவில்லை, கடிதங்களும் நிற்கவில்லை.

நம் பக்கத்தில் அதே காலத்தில் பெரியார் 'குடிஅரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வறுமை குறையும், தாயின் உடம்பு தேறும் என்று காரணம் சொன்னார்கள். பெண் சுதந்திரமாக இருப்பதற்கே இது வேண்டும் என்றார் அவர். பக்கத்து மைசூர் சமஸ்தானம் 1930-லேயே அரசு செலவில் கருத்தடை மருத்துவமனைகளைத் திறந்தது. உலகத்தில் வேறு அரசாங்கங்கள் யோசிக்கத் தயங்கிய காலம் அது.

மூன்றாவது கருவி, சுவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் நாடு முழுவதற்குமான குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அரசாங்கமே இப்படி ஒரு திட்டத்தை எடுத்து நடத்தியதில் இந்தியா முன்னோடி. அறுபதுகளில் சிவப்பு முக்கோணம் வந்தது. பஸ் ஸ்டாண்டு சுவர், ஆரம்ப சுகாதார நிலையம், தீப்பெட்டி அட்டை என்று எங்கே பார்த்தாலும் அந்த முக்கோணம்தான். "நாம் இருவர் நமக்கு இருவர்" என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற தலைமுறை எங்களுடையது. 1968-ல் 'நிரோத்' வந்தது. மூன்று உறை 15 காசு. டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் வண்டியிலேயே அதையும் ஏற்றிக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை அனுப்பினார்கள். அருமையான யோசனை.

ஆனால் சுவருக்கு வாய் உண்டு, காது கிடையாது. அது சொல்லும், கேட்காது. "லூப் போட்டதிலிருந்து உதிரம் நிற்கல, என்ன செய்யறது?" என்று ஒரு பெண் சுவரிடம் கேட்க முடியுமா?

கேட்காத திட்டம் எங்கே போய் முடியும் என்பதை அவசரநிலைக் காலம் காட்டியது. 1971-ல் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். பணமும் பரிசுப் பொருளும் கொடுத்தார்கள். அதுவரைகூடச் சரி. 1976-77-ல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகள். இலக்கு வைத்து, அதிகாரிகளை நெருக்கி, வட மாநிலங்களில் ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன கதைகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு திட்டத்தின் பெயரையே 'குடும்ப நலம்' என்று மாற்றினார்கள்.

பெயர் மாறியது, பாரம் இடம் மாறியது. ஆண்கள் அந்தப் பக்கமே வருவதை விட்டார்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருத்தடைக்காகப் பெண் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பங்கள் ஏறக்குறைய 38 சதவீதம். ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம். வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைகள் இந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை படியுங்கள்.

நான்காவது கருவி, தொலைக்காட்சி. அதற்கு வழிதிறந்தது ஒரு நோய்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேர்ந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தை நிர்மலா சேகரித்து வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்த நோயெல்லாம் நம் நாட்டில் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாய் அடைத்தது. அதன் பிறகுதான் ஆணுறை என்ற சொல்லை ரேடியோவிலும் டிவியிலும் வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரப் பலகைகள் நின்றது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடையில் சிரித்துக்கொண்டே பேசினார்கள். சிரித்தாலும் பேசினார்களே! அந்த விளம்பரம் சுவரில் இருந்தாலும் கட்டளை போடவில்லை, கேள்வி கேட்டது. அதனால்தான் அது ஊர்ப்பேச்சானது.

விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா? புனிதமா?' நடத்தியதையும் மறக்க முடியாது. ராத்திரி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்த வீடுகள் எத்தனை! தங்கள் மனதில் இருந்த கேள்வியை முன்பின் தெரியாத யாரோ கேட்கிறார்கள், ஒரு டாக்டர் பதில் சொல்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

இந்த இடத்தில் என் வகுப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் வரும்போது, மேஜைமேல் ஒரு காலி சாக்பீஸ் பெட்டியை வைப்பேன். மூடியில் ஒரு துவாரம். பெயர் எழுதாமல் கேள்வியை எழுதிப் போடுங்கள் என்பேன். வாய் திறந்து ஒரு கேள்வியும் கேட்காத வகுப்பிலிருந்து பெட்டி நிறையச் சீட்டுகள் வரும். "வயசுக்கு வரலன்னா பைத்தியம் பிடிக்குமா?" "வெள்ளைப்படுதல் இருந்தா எலும்பு உருகுமா?" "பையன் கைய தொட்டா குழந்த பொறக்குமா?" இவை சிரிப்பதற்கான கேள்விகள் இல்லை. ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் பல ராத்திரி தூங்காத ஒரு குழந்தை இருந்தது. உங்களில் சிலருடைய கையெழுத்து எனக்குத் தெரியும். அன்றும் கேட்டதில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது கருவி, டெலிபோன்.

டெல்லியில் தார்ஷி என்ற அமைப்பு 1996-ல் ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கியது. பெயர், ஊர் எதுவும் சொல்ல வேண்டாம். பாலியல், இனப்பெருக்க நலம் பற்றி எதையும் கேட்கலாம். 2009 வரை 13 வருஷம் நடந்தது. ஏறக்குறைய 60,000 அழைப்புகள். எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, மீட்டரில் ஓடும் காசைப் பார்த்துக்கொண்டு பேசிய காலத்தையும் சேர்த்த கணக்கு இது. மும்பையில் மகிந்தர் வாட்சா என்ற மகப்பேறு மருத்துவர், 80 வயதைத் தாண்டிய பிறகு, 2005-ல் ஒரு நாளிதழில் கேள்வி-பதில் பகுதி தொடங்கினார். கார்வேக்குத் தபாலில் வந்த அதே மாதிரிக் கேள்விகள் இவருக்கு மின்னஞ்சலில் வந்தன. பயமுறுத்தாமல், சில சமயம் கிண்டலோடு, பதில் சொல்வார். 2020 டிசம்பரில் 96 வயதில் இறந்தார். ஒரே ஒரு வித்தியாசம் பாருங்கள்: கார்வேக்கு அபராதம் கிடைத்தது, வாட்சாவுக்கு வாசகர் கூட்டம் கிடைத்தது. அந்த மாற்றத்துக்கு 70 வருஷம் ஆனது.

இப்போது செல்போனுக்கு வருவோம்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல். அடுத்த 15 வருஷத்தில் அது கீரைக்காரம்மா கைக்கும் வந்துவிட்டது. கென்யாவிலும் தான்சானியாவிலும் 2010-ல் ஒரு எஸ்.எம்.எஸ். சேவை தொடங்கியது. ஒரு குறியீட்டை அனுப்பினால் மாத்திரை, ஊசி, காப்பர்-டி போன்ற ஒவ்வொரு கருத்தடை முறையைப் பற்றியும் சுருக்கமான செய்தி பதிலாக வரும். பெண்கள் மட்டும் கேட்பார்கள் என்று நினைத்தால், ஆண்களும் நிறையக் கேட்டார்கள். சுகாதார நிலையத்தின் வாசலை மிதிக்கக் கூச்சப்பட்டவர்கள் அவர்கள்.

தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் 'மாம்கனெக்ட்' தொடங்கியது. கர்ப்பிணி தன் போனிலேயே பதிவுசெய்தால், எத்தனையாவது வாரமோ அதற்கேற்ற செய்தி வரும். 11 மொழிகளில், காசில்லாமல். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தத் தாய் பதிலுக்குக் கேள்வி கேட்கலாம். மருத்துவமனையில் தன்னை எப்படி நடத்தினார்கள் என்று புகாரும் சொல்லலாம், பாராட்டும் சொல்லலாம். புகார் குவியும் என்று பயந்தவர்கள் உண்டு. வந்தது பாராட்டுதான் அதிகம். சுவருக்கு ஒருவழியாகக் காது முளைத்தது.

நம் நாட்டில் பீகாரில் முளைவிட்டு, 2016-ல் மத்திய அரசின் திட்டமாக விரிந்தது 'கில்காரி'. மழலைச் சிரிப்பு என்று அர்த்தம். நாலாம் மாதம் முதல் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒரு முறை போன் அடிக்கும். எடுத்தால் இரண்டு நிமிடம் ஒரு டாக்டரம்மா குரல் பேசும். மொத்தம் 72 அழைப்புகள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும். மத்தியப் பிரதேசத்தில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். தாய்ப்பால் கொடுப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. தற்காலிகக் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது மட்டும் சில சதவீதம் கூடியது. பெரிய அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு குரல் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

நம் தமிழ்நாட்டில் 2008-ல் வந்த 'பிக்மி'யை மருமகள், மகள் உள்ள எல்லோருக்கும் தெரியும். கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்ஸம்மாவிடம் பதிவுசெய்து 12 இலக்க எண் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவிக்கும் அந்த எண் வேண்டும். இது வெற்றி பெற்றதற்குக் காரணம் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. வேகாத வெயிலில் துணைச் சுகாதார நிலையத்திலிருந்து நடந்து வந்து, "ஏம்மா, ஊசி போட ஏன் வரல?" என்று வாசலில் நிற்கும் நர்ஸம்மாதான் காரணம்.

சரி, இவ்வளவும் போன் வழியாக வருகிறது. அந்தப் போன் யாருடையது?

நான் மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கிற பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர். இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள் இந்திய அளவில் மூன்றில் ஒருத்திதான். மற்ற வீடுகளில் அழைப்பு புருஷனுக்கோ மாமனாருக்கோ போகிறது. "கருத்தடை பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்" என்ற செய்தி மாமியார் கையில் இருக்கும் போனில் வந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

இன்னொரு ஆபத்தும் உண்டு. என் சாக்பீஸ் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. சீட்டைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவேன். போன் கிழித்துப் போடாது. மாதவிலக்கு நாளைக் குறித்துவைக்கும் 'ஃப்ளோ' என்ற செயலியைக் கோடிக்கணக்கான பெண்கள் வைத்திருக்கிறார்கள். அது பெண்களின் அந்தரங்க விவரங்களை விளம்பர, ஆய்வு நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2021-ல் குற்றம்சாட்டியது. இனி சம்மதம் கேட்காமல் பகிரக் கூடாது என்ற நிபந்தனையோடு சமரசம் ஆனது. அடுத்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்ததும், பல பெண்கள் அவசர அவசரமாக இந்தச் செயலிகளை நீக்கினார்கள். நாள் தள்ளிப்போன கணக்கு தனக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்ற பயம்.

நம் நாட்டில் 1971 சட்டம் கருக்கலைப்புக்கு வழிசெய்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டமே. 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் திருமணம் ஆகாத பெண்ணுக்கும் இதில் சம உரிமை என்றது. 18 வயது நிரம்பாத பெண் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னது. பெயரைக் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட மாதிரி.

ஆறு பென்னிப் புத்தகத்திலிருந்து ஆண்ட்ராய்டு போன் வரை இந்தக் கதையில் நான் கண்டது ஒன்றுதான். கேட்கிறவரின் மானத்தைக் காப்பாற்றிய கருவிகளை ஜனங்கள் தேடிப் போனார்கள். இலக்கு வைத்து மேலேயிருந்து பேசியதைக் கண்டு ஓடினார்கள். செல்போன் இரண்டு பக்கமும் போகக்கூடிய கருவி. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பது பாதி அரசாங்கத்தின் கையில், பாதி நம் வீட்டின் கையில்.

வீட்டின் பாதிக்கு என்ன செய்யலாம்? சில எண்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104. எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. பெண்களுக்கான உதவிக்கு 181. குழந்தைகளுக்கு 1098. யாருக்காக என்று சொல்ல வேண்டாம், மாட்டினால் போதும். முகம் தெரியாத ஒருவர் ரீல்ஸில் சொல்லும் மருந்தை வாங்கிச் சாப்பிடக் கூடாது, கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் இல்லாமல் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் நேராகவே சொல்லுங்கள். மகனிடமும் சொல்லுங்கள். மகள் தேடியதைப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். அவள் தேடியது தப்பான இடத்தில் என்றால் சரியான இடத்தைக் காட்டுங்கள்.

கமெண்டில் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்வி எதுவும் இருந்தால் மெசஞ்சரில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் நல்ல டாக்டர் யார் என்று விசாரித்துச் சொல்கிறேன். படித்ததும் அழித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்